இடிக்கிற வீட்டுக்கு வெள்ளைச் சாயம்

புதிதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் தொப்பி மாட்டியிருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கொசு எங்கே முட்டையிடும், சாக்கடைக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே சொல்லித்தந்திருப்பார்கள். நாங்கள் அதைச் சாக்கடைக்குள் விழுந்து கற்றுக்கொண்டோம். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாட்டில் வீட்டு வாடகை தலைக்கு மேல் ஏறிவிட்டால், அதற்குக் காரணமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஈப்போவில், அந்த ஆள் நான்தான்.

ஊர்ச் சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டில் அப்போது வேலை பார்த்தேன். எந்த போர்டு, யார் யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இளைய ஓவர்சீர் என்று பதவி. காக்கிக் கால்சட்டை, தொப்பி, ஒரு சைக்கிள். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் இருந்ததால், துரைமார் தமிழ் ஆட்களிடம் பேச வேண்டியிருந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

அந்த வருஷங்களின் கதை சுருக்கமானது. முதலில் ரப்பர் விலை விழுந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். தோட்டத்துக் கூலிகளுக்கான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சனங்கள் டவுனுக்கு நடந்து வந்தார்கள். பிறகு ரப்பர் விலை ஏறியது. ஊரில் பணம் புழங்கியது. கட்டடக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆக, விலை விழுந்தபோதும் ஏழைக்கு வீடு போனது, ஏறியபோதும் போனது. கடைவீதி மாடிகளைப் பலகையால் தடுத்துத் தடுத்து, கால் நீட்டிப் படுக்க முடியாத பெட்டிகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். அதுவரைக்கும் இதை யாரும் பிரச்சினை என்று சொல்லவில்லை. ஆபீசில் பேனா பிடிக்கும் கவர்மென்ட் கிராணிமாருக்கே வாடகை கட்டுப்படியாகாமல் போனபோதுதான் அது நாட்டுப் பிரச்சினை ஆனது. பத்திரிகைகள் எழுதின. கோலாலம்பூர்க் கவுன்சிலில் கேள்வி கேட்டார்கள். உடனே எங்கள் ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள்.

கமிட்டியில் போர்டின் தலைவர் துரை, ஒரு தோட்டத்துத் துரை, வாடகைக் கட்டடங்கள் நிறைய வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே முதலாளி, இன்னும் சிலர். சுவரில் ஊர் வரைபடத்தை மாட்டி, கேட்கிற இடத்தைக் காட்டுவதற்காக என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் முடியும்வரை எந்த இடத்தையும் யாரும் கேட்கவில்லை. குச்சியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலைவர் துரை கட்டடக்காரர்களின் பேராசைதான் காரணம் என்றார். தவுக்கே, போர்டு போடுகிற விதிகளுக்கு ஏற்ப வீடு கட்டினால் செங்கல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்தே தீர்ந்துபோகும், வாடகையை ஏற்றாமல் என்ன செய்வது என்றார். தோட்டத்துத் துரை, டவுனில் கூலி அதிகம் கொடுத்து ஆட்களை இழுக்கிறார்கள், லயத்திலேயே இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றார். அந்த ஆட்களை லயத்தை விட்டு அனுப்பியது யார் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கவர்மென்ட் நிலம் தரவில்லை என்றார் ஒருவர். நிலம் கொடுத்தாலும் கட்ட ஆள் வருவதில்லை என்றார் இன்னொருவர். பேச்சு மேசையை இரண்டு சுற்று சுற்றி வந்தது. தேநீர் வந்த பிறகு கொஞ்சம் சமாதானமாகி, எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றங்கரையில் கம்பம் என்று சொல்கிற குடியிருப்பின் குடிசைகள். அவை நிலத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, ஊரைக் கெடுக்கின்றன, நல்ல வீடுகள் வரவிடாமல் தடுக்கின்றன. வீடு இல்லாதவர்களால்தான் வீட்டுத் தட்டுப்பாடு என்று தீர்மானமாயிற்று.

அந்த நிலம் வீடு கட்ட ஆகாது என்று போர்டே வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தது. நான் அந்த இடத்தில் குச்சியை வைத்து லேசாகத் தட்டினேன். சத்தம் போடாதே என்பது போல் பார்த்தார்கள்.

அந்தக் குடிசைகளில் குடியிருந்தவர்கள் யார் தெரியுமா? சாக்கடை அள்ளுகிறவர்கள், ரோட்டுக்குக் கல் சுமக்கிறவர்கள். எங்கள் போர்டின் சொந்த ஆட்கள். போர்டு அவர்களுக்கு வேலை கொடுத்தது. வேலை முடிந்து எங்கே போய்ப் படுப்பார்கள் என்று கேட்க மறந்துவிட்டது.

எனக்கு மேலே பெரிய இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். தைப்பிங் பக்கத்துத் தமிழர். கெட்டிக்காரர். இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டதில் பாதி அவர் செய்ததைப் பார்த்துச் செய்தது, மீதி அவர் செய்ததைப் பார்த்துச் செய்யாமல் விட்டது. குடிசைகளை இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வர என்னை அனுப்பினார்.

இதில் ஒரு வழக்கம் உண்டு, அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடிக்க வேண்டிய கட்டடத்துக்குத் தாரில் நம்பர் போடுவோம். போர்டுக்குச் சொந்தமான குவார்ட்டர்ஸ் கதவுகளுக்கு வெள்ளைச் சாயத்தில் போடுவோம். அன்று ஸ்டோரில் தார் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் யாரோ ஒரு பெரிய மனிதரின் கார் குலுங்காமல் போவதற்காக எல்லாவற்றையும் ஊற்றித் தீர்த்திருந்தார்கள். பெரிய இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"வெள்ளை இருக்குல்ல? அதை எடுத்துட்டுப் போ லா," என்றார். "இடிக்கிற வீட்டுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன, சகாயம்?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஒரு டப்பாவும் பிரஷும் எடுத்து சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன்.

ஏழாவது குடிசை அஞ்சலையுடையது. ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஆள் குறைத்தபோது புருஷனும் பெண்டாட்டியுமாக வெளியே வந்து, இப்போது அவர் ரோட்டு வேலையில் கல் சுமந்தார், புருஷன் முனியாண்டி சாக்கடைக் கூட்டத்தில் இருந்தார். பெட்டிப் பலகைகளை அடித்துச் சேர்த்த சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, உள்ளே இரண்டு பேர் படுக்க இடம். கதவுப் பலகையில் பெரிதாக ஏழு என்று எழுதிவிட்டு எட்டாவது குடிசைக்கு நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து அந்த நம்பருக்குக் கீழே பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பமே வெளியே வந்துவிட்டது. ஒரு கிழவர் கற்பூரம் ஏற்றினார். எங்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே குடிசை போட்டிருந்ததால் தப்பித்துக்கொண்ட ஒரு மனிதர் ஓடிவந்து, தன் வீட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டேன் என்று என்னோடு சண்டைக்கு நின்றார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நம்பர் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். லயத்தில் ஆபீஸிலிருந்து வந்து கதவில் நம்பர் போட்டால்தான் அந்த அறை உன்னுடையது. நம்பரைச் சொன்னால் அரிசி அளந்து போடுவார்கள். காய்ச்சல் என்று நம்பரைச் சொல்லி அனுப்பினால் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வருவார். வேலையை விட்டு நிறுத்தும்போது முதலில் அந்த நம்பரைத்தான் வேறொருவர் பெயருக்கு மாற்றுவார்கள். நம்பர் போய்த்தான் அவர்களுக்கு வீடு போயிருந்தது. இப்போது தொப்பி போட்ட ஒருவன் வீடு தேடி வந்து நம்பர் போடுகிறான். அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

நான் உடனே சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் இதைச் சொன்ன பிறகுதான் நடந்தது.

"அக்கா, இது இடிக்கப் போற வீட்டுக்குப் போடுற நம்பர்," என்றேன்.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "இடிக்கப் போற வீட்டுக்கு யாராச்சும் சாயம் பூசுவாங்களா தம்பி? சாயம் என்ன ஓசியிலயா வருது?"

மறுபடியும் சொன்னேன். ஒட்டவேண்டிய நோட்டீசைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பையன் வேலைக்குப் புதுசு, ஆபீசில் நடப்பது தெரியவில்லை என்று முனியாண்டி மற்றவர்களிடம் எனக்காகப் பரிந்து பேசினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அஞ்சலைக்கு ஒரே மகள், செல்லம்மா. சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ஆனால் வளைகாப்பு அன்று சம்பந்தியம்மாள், பெண்ணை எந்த வீட்டுக்கு அனுப்புவது, அங்கே என்ன நம்பர் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். நம்பர் இல்லாத இடத்தில் பிள்ளை பெற்றால், ஏதாவது ஆகிவிட்டால் யாரை எங்கே வரச்சொல்வது என்று அந்த அம்மாள் பயந்ததில் தப்பு ஒன்றுமில்லை. அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார். நான் ஏழு என்று எழுதிவிட்டுப் போன மறுநாளே சித்தியவானுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது, ஏழாம் நம்பர் வாசலில் கை நிறைய வளையலோடு செல்லம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அஞ்சலை, "இந்தத் தம்பிதான் நம்பர் போட்டாரு," என்று மகளுக்குப் பெருமையாகக் காட்டினார். கொஞ்ச நாளில் இந்தக் கதவைப் பெயர்த்து வண்டியில் எறிய வேண்டியவனும் நான்தான்.

பெரிய இன்ஸ்பெக்டரிடம் போய், பிரசவம் வரைக்குமாவது தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை வருகிறார், இந்த அசிங்கத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போனதும் இடிப்பு என்றார். கவுன்சிலில் கேட்கப்போகிற கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் இந்தக் குடிசைகள். அதைக் காட்டத்தான் கூட்டிவருகிறார்கள். இதில் நீ ஏன் தலையை விடுகிறாய் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெரிய துரை வருகிற நாளும் வந்தது. கமிட்டிக்காரர்கள் எல்லாரும் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஆற்றங்கரையைப் பார்த்ததும் தலைவர் துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு நம்பர் வந்த பிறகு அந்தச் சனங்கள் சும்மா இருக்கவில்லை. பலகைச் சுவருக்கெல்லாம் நம்பருக்குப் பொருத்தமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வாசலில் சாணி தெளித்துக் கோலம். தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால், அதுவும் சரியான சரிவில். எங்கள் ஆட்கள் அல்லவா, சாக்கடை வெட்டத் தெரியாதா? பெரிய இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதியிருந்தது.

பெரிய துரை ஏழாம் நம்பர் வாசலில் நின்றார். இந்த நம்பர் என்ன என்று இந்த அம்மாளிடம் கேள் என்று என்னிடம் சொன்னார். கேட்டேன்.

அஞ்சலை கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இது எங்களுக்குப் போர்டு தொரை கொடுத்த வீடுங்க. நம்பர் போட்டுக் கொடுத்தாங்க. அதான் மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாந்திருக்கேன்."

இதை இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

பெரிய துரையின் முகம் மலர்ந்தது. பாவம், அவரும் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் ஒருவரையொருவர் குற்றம் சொல்வதைக் கேட்டுக் களைத்துப்போயிருப்பாரோ. தலைவர் துரை பக்கம் திரும்பி, கூலிகளுக்கு வீடு கொடுத்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு வரி எழுதவில்லையே என்றார்.

தலைவர் துரை இருமினார். ஒரு இருமல் முடிவதற்குள் ஒரு மனிதர் எவ்வளவு யோசிக்க முடியும் என்பதை அன்று பார்த்தேன். இருமி முடித்துவிட்டு, ஏதோ எங்களால் முடிந்தது என்றார்.

அவ்வளவுதான். கூலியாட்களுக்கு நல்ல குடியிருப்பு வேண்டும் என்று தான் எப்போதும் சொல்லிவந்திருப்பதாகத் தோட்டத்துத் துரை சொன்னார். பலகை கொடுத்ததே தான்தான் என்றார் தவுக்கே. அது ஒரு விதத்தில் உண்மை. அவர் கிடங்குக்குப் பின்னால் எறிந்த பெட்டிகளைப் பொறுக்கித்தான் அந்தச் சுவர்களை அடித்திருந்தார்கள். கமிட்டி மேசையில் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்ட அதே ஆட்கள், இப்போது முன்னால் வந்து நிற்க இடம் போதாமல் கோலத்தை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய இன்ஸ்பெக்டர் எனக்குக் கண்ஜாடை காட்டினார். இது இடிக்கிற நம்பர் என்று எடுத்துச் சொல் என்று அர்த்தம். அவர் சொல்ல மாட்டார், நான் சொல்ல வேண்டும். தம்பிகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். எனக்கு யோசிக்க நேரமில்லை. அஞ்சலையிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அவர் நம்பவில்லை. அஞ்சலை சொன்னதைத் துரையிடம் சொல்லியாகிவிட்டது, அவர் நம்பிவிட்டார். என் மேலதிகாரிக்கு மேலதிகாரி, எல்லாருக்கும் முன்னால், ஆமாம் நான்தான் கொடுத்தேன் என்கிறார். அவரைப் பொய்யர் என்று சொல்ல என்னை யாரும் கேட்கவில்லை. செல்லம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றேன்.

பெரிய துரை போகும்போது, அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகும்போது ஆஸ்பத்திரி மருத்துவச்சியை அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழாம் நம்பர் என்று சொன்னதும் மருத்துவச்சி வந்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். நான் போர்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நம்பர் இவ்வளவு சரியாக வேலை செய்து பார்த்ததில்லை.

ஆனால் நல்ல செய்தி இருக்கிறதே, அது பரவிவிடும். ஈப்போவில் கூலிகளுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள் என்று கவுன்சிலில் பெரிய துரை பெருமையாகச் சொல்ல, பத்திரிகையில் வந்துவிட்டது. அதைப் படித்த கிராணிமார் கொதித்துப்போனார்கள். மண்வெட்டி பிடிக்கிறவனுக்குச் சும்மா வீடு, பேனா பிடிக்கிறவனுக்கு வாடகையா என்று மனு எழுதினார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். பலகைப் பெட்டிக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கிராணிகள் எனக்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். யார் உத்தரவில், எந்தக் கணக்கில் அந்த வீடுகள் கொடுக்கப்பட்டன என்று கோலாலம்பூரிலிருந்து விசாரித்தார்கள்.

மறுபடியும் கமிட்டி கூடியது. ஆற்றங்கரையில் முண்டியடித்து முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். தோட்டத்துத் துரை அன்று பொதுவாகத்தான் பேசினாராம். தவுக்கே பலகையை எறிந்தாரே தவிரக் கொடுக்கவில்லையாம். தலைவர் துரை, கீழே உள்ளவர்கள் சொன்னதை நம்பித் தான் சொன்னதாகச் சொன்னார். கீழே என்று எவ்வளவு தேடினாலும் வீடு கொடுத்த ஆளைக் காணோம். நிலம் ஒதுக்கவில்லை, பணம் ஒதுக்கவில்லை, உத்தரவு இல்லை. உண்மையில் நடந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவன் ஒரு டப்பா வெள்ளைச் சாயம் பூசியிருந்தான்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் பெரிய இன்ஸ்பெக்டர் என்னைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். எனக்குக் காப்பி வாங்கிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"அவங்க ஒரு ஆளைத் தேடுறாங்க லா," என்றார். "ஆள் கிடைச்சதும் தேடுறதை விட்டுடுவாங்க. கிடைக்கலைன்னு வையி, எந்திரிச்சு நேரா ஆத்தங்கரைக்குப் போவாங்க."

நான் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டேன்: "வெள்ளையை எடுத்துட்டுப் போன்னு சொன்னது யாருண்ணே?"

அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, சகாயம்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காப்பியை அவர் சட்டையில் ஊற்றினால் என்ன என்று தோன்றியது. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி என்பதும் தெரிந்தது, அதுதான் எரிச்சல். நான் எழுந்து நின்று, அவை இடிக்க வேண்டிய குடிசைகள், தார் இல்லாததால் வெள்ளை என்று முழுக் கதையையும் விளக்கினால் என்ன ஆகும்? பெரிய இன்ஸ்பெக்டர் மாட்டுவார், எனக்குத் திருப்தி. தலைவர் துரை கோலாலம்பூருக்குத் தப்பான தகவல் கொடுத்தவர் ஆவார். அதைச் சரிக்கட்ட அவருக்கு ஒரே வழி, மறுநாளே குடிசைகளை இடித்து, இவை எப்போதும் இடிக்க வேண்டியவைதான் என்று காட்டுவது. ஏழாம் நம்பருக்குள் பிறந்து சில நாளேயான ஒரு குழந்தை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது.

விசாரணையில் என்னை வரைபடத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்தினார்கள். இந்தத் தடவை குச்சி கொடுக்கவில்லை. அந்த வீடுகளுக்குக் குவார்ட்டர்ஸ் நிறத்தில் நம்பர் போட்டது யார் என்று தலைவர் துரை கேட்டார். நான்தான் என்றேன். ஏன் தாரில் போடவில்லை என்றார். தார் இல்லை என்றேன். யாரிடமாவது கேட்டாயா என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. பெரிய இன்ஸ்பெக்டர் மடியிலிருந்த தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவர் துரை கேட்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டது. அறையில் எல்லாரும் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

முடிவு இப்படி வந்தது. இளைய ஓவர்சீர் ஒருவரின் கவனக்குறைவால் சில குடிசைகள் போர்டின் குவார்ட்டர்ஸ் என்று குறிக்கப்பட்டுவிட்டன. மேலிடம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டதால், இனி மாற்றுவது சங்கடம். ஆகவே அவை அப்படியே இருக்கட்டும். ஓவர்சீரைப் பாகான் செராய்க்கு மாற்றலாம். அங்கே நெல்வயல்களுக்கு நடுவே கொசு நிறைய இருக்கிறது.

வாடகை குறைந்ததா என்று கேட்கிறீர்களா? அது எப்படிக் குறையும்? ஆனால் காரணம் கண்டுபிடித்தாயிற்று, கோலாலம்பூருக்குப் பதில் போயிற்று, பத்திரிகைகளும் வேறு விஷயத்துக்குப் போய்விட்டன. பிற்காலத்தில் நான் இன்னும் பல கமிட்டிகளில் வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். யார் காரணம் என்று கேட்கிற கூட்டம் வேறு, வீடு கட்டுகிற கூட்டம் வேறு. முதலாவதில் மட்டும்தான் தேநீர் கொடுப்பார்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தேநீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று ஆற்றங்கரைக்குப் போனேன். எனக்கு மாற்றல் என்று முனியாண்டி ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆபீசில் நடந்தது முழுக்க இல்லாவிட்டாலும் கொஞ்சம் அவர்கள் காதுக்கும் வந்திருந்தது. செல்லம்மா குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எனக்குப் பிடிக்கத் தெரியாமல் தொப்பியைக் கீழே போட்டுவிட்டேன். அஞ்சலை அதை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு இடிக்கிற நம்பர்னு சொன்னீங்களே தம்பி. நெசந்தானா?"

"நெசந்தான் அக்கா."

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். மழையில் ஏழின் கால் கரைந்து வழிந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நம்பர் என்றே தெரியாது. அஞ்சலை அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"காலு அழிஞ்சு போச்சு," என்றார். "ரயிலுக்கு நேரம் இருக்குல்ல? போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பூசிட்டுப் போங்க தம்பி. இந்த வாட்டி கெட்டியா."

குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். தார் வந்து இறங்கியிருந்தது, பீப்பாய் பீப்பாயாக. நான் வெள்ளையை எடுத்துக்கொண்டு வந்தேன்.